“நாங்கள் வராவிட்டாலும் எல்லாம் நடந்துவிடும்”

கேள்வி: நாங்கள் வசிக்கும் பகுதியில் இயங்கும் ஒரு தன்னார்வக் குழுவில் 7 ஆண்டுகளாகப் பணியாற்றி வருகிறேன். மாலை நேரங்களில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருவதும், தனியாக வசிக்கும் முதியவர்களை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று வருவதும் எங்கள் வேலை. கடந்த 4 ஆண்டுகளாக நான்தான் செயலாளர். பாட அட்டவணை, வருகைப் பதிவேடு, வரவு செலவுக் கணக்கு, பெற்றோரிடம் பேசுவது என எல்லாம் என் கையில்தான் இருக்கின்றன. ஒரு காலத்தில் 28 பேர் இருந்த குழுவில் இப்போது 11 பேர் மட்டுமே இருக்கிறோம். அண்மையில் விலகிய ஓர் இளம்பெண்ணிடம் காரணம் கேட்டபோது, “நாங்கள் வராவிட்டாலும் இங்கே எல்லாம் நடந்துவிடும் அக்கா” என்றாள். அதே மாதம் என் அலுவலகத்தில் நடந்த ஆண்டு மதிப்பீட்டில், நான் கடுமையாக உழைப்பவள் என்றும், ஆனால் பொறுப்பைப் பிறரிடம் ஒப்படைக்கத் தயங்குகிறேன் என்றும் மேலாளர் எழுதியிருந்தார். சமூகப் பணி செய்தால் தலைமைப் பண்பு தானாக வளரும் என்று கேட்டே வளர்ந்தவள் நான். அப்படியானால் இத்தனை ஆண்டுகளில் நான் வளரவே இல்லையா? வரும் பொதுக்குழுவில் என்னைத் தலைவராக்க வேண்டும் என்று குழுவினர் சொல்கிறார்கள். வீட்டிலோ, “போதும், விட்டுவிடு” என்கிறார்கள். நான் என்ன செய்யட்டும்?

— ஒரு வாசகி

பதில்:

மதிப்பிற்குரிய சகோதரிக்கு, வணக்கம்.

உங்கள் கடிதத்தைப் பலமுறை படித்தேன். விலகிச் சென்ற பெண்ணின் சொல்லையும் மேலாளர் எழுதிய வரியையும் நீங்களே அருகருகே வைத்துப் பார்த்திருக்கிறீர்கள். முதலாவதை வயதின் அலட்சியம் என்றும், இரண்டாவதை மேலதிகாரிகளின் குறைகாணும் வழக்கம் என்றும் ஒதுக்கிவிட்டு, வழக்கம்போல் மறுநாள் வேலையைத் தொடங்கியிருக்கலாம். என்னிடம் ஆலோசனைக்கு வந்த பலர் அப்படித்தான் செய்துவிட்டு, சில ஆண்டுகள் கழித்துக் குழுவே கலைந்த பிறகு வந்தார்கள். 7 ஆண்டுகளுக்கு முன் இதே சொல் உங்கள் காதில் விழுந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். அன்றைய உங்கள் பதிலுக்கும் இன்றைய இந்தக் கடிதத்துக்கும் நடுவே இருக்கும் தூரம், நீங்கள் வளர்ந்திருக்கும் தூரம்தான். ஆனால், அந்த வளர்ச்சி எந்தத் திசையில் நடந்தது, எந்தத் திசையில் நடக்காமல் நின்றது என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

சமூகப் பணி செய்தால் தலைமைப் பண்பு தானாக வளரும் என்ற நம்பிக்கையை முதலில் கொஞ்சம் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. சேவை ஒருவருக்கு வேலையைக் கற்றுக்கொடுக்கும். மனிதர்களுக்கு அருகில் கொண்டுபோய் நிறுத்தும். அதற்குமேல் எதையும் அது தானாகத் தருவதில்லை. 7 ஆண்டுகளில் உங்களுக்கு வந்திருப்பதைக் குறைத்து மதிப்பிட நான் விரும்பவில்லை. பரிசோதனை முடிவுக்காகக் காத்திருக்கும் ஒரு முதியவரின் பக்கத்தில் மணிக்கணக்கில் அமர்ந்திருந்தவருக்கு, வாய்விட்டுச் சொல்லப்படாத பயத்தைக் கேட்கத் தெரியும். ஒரே கணக்கை நான்காவது முறையாகப் புரியவில்லை என்று சொல்லும் பிள்ளையிடம் குரலை உயர்த்தாமல் ஐந்தாவது முறை தொடங்கியவருக்கு, எந்தப் பயிற்சி வகுப்பிலும் கிடைக்காத பொறுமை கைவந்திருக்கும். இவை தலைமைக்கு அடித்தளமான குணங்கள். ஆனால் இவை அனைத்தும் நீங்கள் நேரடியாக ஒருவருக்குச் செய்த பணியிலிருந்து வந்தவை. உங்களோடு சேர்ந்து பணி செய்ய வந்த மற்ற 27 பேரிடமிருந்து நீங்கள் கற்க வேண்டியிருந்த பாடம் வேறு. அதைத்தான் இன்னும் தொடங்கவில்லை என்று நினைக்கிறேன்.

அலுவலகத்தில் இருக்கும் தலைமைக்கும் தன்னார்வக் குழுவில் இருக்கும் தலைமைக்கும் அடிப்படையிலேயே ஒரு வேறுபாடு உண்டு. அலுவலகத்தில் உங்களுக்குக் கீழே பணியாற்றுபவருக்கு உங்கள் போக்கு பிடிக்காவிட்டாலும், மாதச் சம்பளம் அவரை நாற்காலியில் இருத்தி வைக்கும். வீட்டுக் கடனும் பிள்ளைகளின் படிப்பும் அவரைப் பேசவிடாமல் தடுக்கும். அதனால் ஒரு தலைவரின் குறை ஆண்டுக்கணக்கில் மறைந்தே கிடக்கலாம். தன்னார்வக் குழுவில் அந்தத் திரை கிடையாது. இங்கே ஊதியம் இல்லை, பதவி உயர்வு இல்லை, நீக்கிவிடுவேன் என்று மிரட்டவும் வழியில்லை; ஒருவர் வருவது வர விரும்புவதால் மட்டுமே. விருப்பம் தீர்ந்த நாளில் அவர் விலகல் கடிதம்கூட எழுதாமல் நின்றுவிடுவார். சேவைக் களத்தைத் தலைமைக்கான கடினமான பள்ளி என்று நான் சொல்வது இதனால்தான்: ஆணையிடும் அதிகாரம் முழுவதும் பறிக்கப்பட்ட நிலையில், மனிதர்களை ஒரு வேலையில் ஒன்றுசேர்த்து வைத்திருக்க என்ன தேவை என்பதை இங்கேதான் கற்க முடியும். 28 பேர் 11 பேரானது உங்களைப் பற்றி எழுதப்பட்ட மிக நேர்மையான மதிப்பீடு. அது வலிக்கும் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். ஏனென்றால் உங்கள் மேலாளர் ஒரே வரியில் சொன்னதை இந்த எண்ணிக்கை 4 ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

அந்தப் பெண்ணின் சொல்லை இன்னும் ஒருமுறை படித்துப் பாருங்கள். அவர் உங்கள் மீது கோபப்படவில்லை. மரியாதைக் குறைவாகவும் பேசவில்லை. தன்னுடைய வருகையால் எதுவும் கூடவில்லை, தன்னுடைய இன்மையால் எதுவும் குறையவில்லை என்கிறார். ஒருவர் தம் மாலைப் பொழுதை இலவசமாகக் கொடுக்க முன்வரும்போது, அதற்கு ஈடாக அவர் எதிர்பார்ப்பது ஒன்றே ஒன்றுதான்: அந்தப் பொழுது யாருக்கோ பயன்பட்டது என்ற உறுதி. எல்லாவற்றையும் நீங்களே முடித்து வைத்தபோது, அந்த உறுதியை அவரிடமிருந்து எடுத்துவிட்டீர்கள். அன்பினால்தான் எடுத்தீர்கள், அவருக்குத் தேர்வு இருக்கிறதே, வீட்டில் வேலை இருக்கிறதே, நாமே பார்த்துக்கொள்வோம் என்று எண்ணியிருப்பீர்கள். ஆனாலும் எடுத்தீர்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அவர் இதைச் சொன்னது விலகிய பிறகு. குழுவில் இருந்தபோது சொல்லவில்லை. நீங்கள் கேட்டிராவிட்டால் பிறகும் சொல்லியிருக்க மாட்டார். நிர்வாகவியல் பேராசிரியர் ஏமி எட்மண்ட்சன் 1990களில் மருத்துவமனைப் பிரிவுகளில் மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளை ஆராய்ந்தபோது, நல்ல தலைமையும் நல்ல ஒற்றுமையும் உள்ள பிரிவுகளில் தவறுகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். கிடைத்த எண்கள் நேர்மாறாக இருந்தன: நல்ல பிரிவுகளில்தான் அதிகமான தவறுகள் பதிவாகியிருந்தன. துருவிப் பார்த்தபோது காரணம் புரிந்தது. அந்தப் பிரிவுகளில் இருந்தவர்கள் அதிகம் தவறு செய்யவில்லை. செய்த தவறை அச்சமின்றி வெளியே சொன்னார்கள். மற்ற இடங்களில் தவறு நடந்தது, பேச்சு நடக்கவில்லை. குழுவில் ஒருவர் பயமின்றி வாய்திறக்கும் இந்த நிலையைப் பற்றி அவர் 1999இல் வெளியிட்ட ஆய்வு இன்று உலகெங்கும் தலைமைப் பயிற்சிகளில் பேசப்படுகிறது. உங்கள் 11 பேரில், விலகாமல் இருந்துகொண்டே, “நீங்கள் செய்வது சரியில்லை” என்று உங்கள் முகத்துக்கு நேரே சொல்லக்கூடியவர் யார்? ஒரு பெயராவது உடனே நினைவுக்கு வந்தால், அவரை விட்டுவிடாதீர்கள். வராவிட்டால், கூட்டங்களில் உங்களை யாரும் மறுத்துப் பேசாததை ஒற்றுமை என்று இனி எண்ணிக்கொள்ளாதீர்கள்.

நல்ல மனம் படைத்தவர்கள் ஏன் பொறுப்பை இறுகப் பிடித்துக்கொள்கிறார்கள் என்பதைப் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன், ஏனென்றால் நானும் அப்படி இருந்தவன். ஆலோசகராகத் தொழிலைத் தொடங்குவதற்கு முன்பு, ஒரு சிறிய வாசகசாலையை நண்பர்களோடு நடத்தி வந்தேன். சாவி என்னிடம்தான் இருக்கும். புத்தகம் வாங்குவது, கடன் கொடுத்த பதிவை எழுதுவது, தாமதமானால் நினைவூட்டுவது எல்லாமே நான்தான். நண்பர்களுக்குச் சிரமம் கொடுக்கக் கூடாது என்பதே அப்போது எனக்குத் தெரிந்த காரணம். ஒரு முறை உடல்நலம் குன்றி 3 வாரங்கள் படுக்கையில் இருந்தேன். வாசகசாலைக் கதவும் 3 வாரங்கள் திறக்கப்படவில்லை. ஒருவர்கூட என் வீட்டுக்கு வந்து சாவியைக் கேட்கவில்லை. அன்று நண்பர்கள் மீது எனக்கு ஏற்பட்ட வருத்தம் அடங்க வெகுநாள் ஆயிற்று. அது அடங்கிய பிறகுதான், சாவியைக் கேட்கலாம் என்ற எண்ணமே அவர்களுக்கு வராதபடி நானே பழக்கியிருந்தேன் என்பது புரிந்தது. அதற்கும் அடியில் இன்னொன்று இருந்தது; அதை ஒப்புக்கொள்ள மேலும் காலம் பிடித்தது. நான் இல்லாமல் எதுவும் நடக்காது என்ற நிலை எனக்கு இனிமையாக இருந்தது. பிறருக்குத் தேவைப்படுவதில் ஒரு நிறைவு உண்டு, அதில் குற்றமில்லை. ஆனால் அந்த நிறைவு தொடர்ந்து கிடைக்க வேண்டுமானால், பிறர் எப்போதும் நம்மைச் சார்ந்தே இருக்க வேண்டும். சேவை அங்கேதான் நமக்குத் தெரியாமலேயே திசை மாறுகிறது.

ராபர்ட் கிரீன்லீஃப் என்ற அமெரிக்கர் ஏடி அண்ட் டி தொலைபேசி நிறுவனத்தில் 38 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவர். தலைவர் என்பவர் முதலில் சேவை செய்பவராக இருக்க வேண்டும் என்ற கருத்தை 1970இல் ஒரு கட்டுரையாக எழுதினார். இன்று அந்தக் கருத்தைப் பலரும் தலைவருக்குப் பணிவு வேண்டும் என்ற அளவில் சுருக்கிப் புரிந்துகொள்கிறார்கள். ஆனால் அவர் வைத்த அளவுகோல் கடுமையானது: யாருக்குச் சேவை செய்யப்படுகிறதோ அவர்கள் மனிதர்களாக வளர்கிறார்களா, முன்னைவிடச் சுதந்திரமாகத் தம் காலில் நிற்கிறார்களா, தாமும் பிறருக்குச் சேவை செய்பவர்களாக மாறுகிறார்களா என்று பார்க்கச் சொன்னார். இந்த அளவுகோலை உங்கள் 7 ஆண்டுகளின் மீது வைத்துப் பாருங்கள். நீங்கள் எத்தனை வகுப்புகள் எடுத்தீர்கள், எத்தனை முறை மருத்துவமனைக்குச் சென்றீர்கள் என்பதை ஒதுக்கிவிடுங்கள். நீங்கள் பக்கத்தில் இல்லாமல் ஒரு வகுப்பை முழுமையாக நடத்தக்கூடியவர்கள் எத்தனை பேர் உருவாகியிருக்கிறார்கள்? உங்களிடம் படித்த பிள்ளைகளில் எத்தனை பேர் இப்போது தமக்கு இளையவர்களுக்குச் சொல்லித் தருகிறார்கள்? பெற்றோர் எவராவது குழுவின் வேலையில் ஒரு பகுதியைத் தம்முடையதாக ஏற்றிருக்கிறார்களா?

இதற்கு நான் அடிக்கடி நினைத்துப் பார்க்கும் ஒரு முன்னுதாரணம் உண்டு. உங்கள் பணியும் கல்விப் பணி என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். 1957 ஜனவரியில், அமெரிக்காவின் தெற்குக் கரோலினாவில் உள்ள ஜான்ஸ் தீவில், வயதுவந்த கறுப்பின மக்களுக்காக எழுத்தறிவு வகுப்பு ஒன்று தொடங்கப்பட்டது. வாக்காளராகப் பதிவு செய்ய வேண்டுமானால் எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்ற விதி அவர்களை வாக்குரிமையிலிருந்து விலக்கி வைத்திருந்த காலம் அது. இதன் பின்னால் இருந்த செப்டிமா கிளார்க் பல்லாண்டு அனுபவம் கொண்ட ஆசிரியை. கறுப்பின மக்களின் உரிமைகளுக்காகப் போராடிய என்ஏஏசிபி (NAACP) அமைப்பில் உறுப்பினராக இருந்ததற்காக முந்தைய ஆண்டில்தான் வேலையை இழந்திருந்தார். அந்த வகுப்பை அவரே எடுத்திருக்கலாம்; அவரைவிடத் தகுதியானவர் அங்கே இல்லை. ஆனால் அழகு நிலையம் நடத்தி வந்த, ஒரு நாளும் ஆசிரியராக இருந்திராத தம் உறவினர் பெர்னிஸ் ராபின்சனிடம் அந்தப் பொறுப்பை ஒப்படைத்தார். படித்த ஆசிரியர்கள் வயதுவந்த மாணவர்களைத் தாழ்வாக நடத்திவிடக்கூடும், இவர் அப்படிச் செய்யமாட்டார் என்பது காரணம். ராபின்சன் முதலில் தொடக்கப் பள்ளிப் பாடப் பொருள்களைக் கொண்டுபோனார். வயதுவந்தவர்களுக்கு அவை பொருந்தவில்லை என்று கண்டதும் அவற்றை ஒதுக்கி வைத்துவிட்டு, உங்களுக்கு எதைப் படிக்க வேண்டும் என்று அவர்களிடமே கேட்டார். பெயரைக் கையொப்பமிட வேண்டும், செய்தித்தாள் படிக்க வேண்டும், பணவிடைப் படிவத்தை நிரப்ப வேண்டும் என்று அவர்கள் சொன்னவையே பாடத்திட்டமாயின. அந்த ஒரு வகுப்பிலிருந்து கிளைத்த குடியுரிமைப் பள்ளிகள் பின்னர் தெற்கு மாநிலங்கள் பலவற்றுக்குப் பரவின, ஆயிரக்கணக்கானோர் வாக்காளர்களாயினர். அங்கே கற்பித்தவர்களில் பலர் முன்பின் கற்பித்து அறியாத சாதாரண மக்கள்.

இந்த வரலாற்றில் செப்டிமா கிளார்க் செய்ததில் மிகக் கடினமானது எது என்று நினைக்கிறீர்கள்? தம்மால் நன்றாகச் செய்ய முடிந்த ஒரு வேலையை, அதில் அனுபவமே இல்லாத ஒருவர் தம் கண்முன் தட்டுத்தடுமாறிச் செய்வதைப் பொறுத்திருந்ததுதான் என்பது என் கருத்து. சரியான பாடப் பொருளை அவர் முன்கூட்டியே தந்திருந்தால் முதல் வகுப்பு சிறப்பாக நடந்திருக்கும். ஆனால் மாணவர்களிடமே கேட்கலாம் என்ற வழியை ராபின்சன் கண்டுபிடித்திருப்பாரா என்பது ஐயம். உங்கள் குழுவில் அந்த இளம்பெண் ராபின்சனாகியிருக்கக்கூடும்.

இனி நீங்கள் கேட்ட தலைவர் பொறுப்புக்கு வருகிறேன். மறுக்க வேண்டாம், அப்படியே ஏற்கவும் வேண்டாம். இப்போது உள்ள நிலையிலேயே நீங்கள் தலைவரானால், செயலாளரின் வேலையும் உங்கள் கையிலேயே தங்கிவிடும், புதிதாக வரும் செயலாளர் பெயரளவில் இருப்பார், அடுத்த ஆண்டு உங்களைத் தேடி நான்கைந்து பேர்தான் வருவார்கள். ஆகவே பொதுக்குழுவில் இரண்டு நிபந்தனைகளை வெளிப்படையாக வைத்துப் பொறுப்பை ஏற்றுக்கொள்ளுங்கள். ஓராண்டுக்கு மட்டுமே தலைவராக இருப்பேன் என்பது ஒன்று. பதிவேடு, கணக்கு, அட்டவணை, வாட்ஸ்அப் குழுவின் நிர்வாகம் ஆகிய எதுவும் இனி என்னிடம் இருக்காது, அவற்றுக்கு உரியவர்களை இந்தக் கூட்டமே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது மற்றொன்று. இவற்றைத் தனிப்பட்ட முறையில் தீர்மானித்துக்கொள்வது போதாது. கூட்டக் குறிப்பில் ஏற வேண்டும். பழைய பழக்கம் உங்களை இழுக்கும் நாளில் அந்தக் குறிப்புதான் உங்களைத் தடுக்கும்.

ஒப்படைப்பது என்பதைப் பற்றி ஒரு சொல். பதிவேட்டில் வருகையைக் குறித்து வைக்கச் சொல்வது ஒரு வேலையைக் கொடுப்பது. இன்று இரண்டு ஆசிரியர்கள் வரவில்லை, எந்த வகுப்பை எதனோடு சேர்ப்பது என்று தீர்மானிக்கும் உரிமையைத் தருவது ஒரு முடிவைக் கொடுப்பது. பொறுப்பைப் பகிர்ந்து தருவதாக எண்ணிக்கொள்ளும் பலர் வேலைகளைத்தான் தருகிறார்கள்; முடிவுகளைத் தம்மிடமே வைத்துக்கொள்கிறார்கள். அப்போது மற்றவர்கள் கைகளாக மட்டுமே இருப்பார்கள், கைகள் விரைவில் சலித்துவிடும். பாட அட்டவணையிலிருந்து தொடங்குங்கள்: அதை ஒருவரிடம் முழுமையாகக் கொடுத்து, 3 மாதங்களுக்கு அதில் தலையிடுவதில்லை என்று உங்களுக்குள் உறுதி செய்துகொள்ளுங்கள். முதல் சில வாரங்கள் நீங்கள் செய்ததைவிட மோசமாகவே நடக்கும். யாரோ ஒரு பெற்றோர் உங்களைத் தொலைபேசியில் அழைத்துக் குறை சொல்வார். நீங்கள் உடனே சரிசெய்துவிட முடியும் என்றும் தெரிந்திருக்கும். அந்த நிமிடத்தில், “அட்டவணைக்குப் பொறுப்பானவர் இவர்தான், அவரிடம் பேசுங்கள்” என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைக்க உங்களால் முடிந்தால், நீங்கள் கடிதத்தில் கேட்ட வளர்ச்சி அன்றைக்குத் தொடங்குகிறது.

எல்லா இடத்திலும் இப்படித் தவறு செய்யவிட்டுக் கற்பிக்க முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். முதியவர்களை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும் பணியில், மருந்துச் சீட்டைத் தவறவிடுவதும் மருத்துவர் சொன்னதைத் தவறாகக் கேட்டு வருவதும் ஒருவரின் உடலைப் பாதிக்கும். அங்கே புதியவர் ஒருவரை முதலில் உங்களோடு அழைத்துச் செல்லுங்கள். அடுத்த முறைகளில் அவர் முன்னின்று பேச, நீங்கள் பக்கத்தில் இருங்கள். மருத்துவரிடம் கேட்க வேண்டியவற்றை ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லும் வழக்கத்தை ஏற்படுத்துங்கள். அதன் பிறகு தனியாக அனுப்புங்கள். எந்தத் தவறைத் தாங்க முடியும், எதைத் தாங்க முடியாது என்று பிரித்தறிந்து அதற்கேற்பக் கயிற்றை விடுவதும் இழுப்பதுமே இந்தக் கலையின் பெரும்பகுதி.

பெற்றோரையும் முதியவர்களையும் மறந்துவிட வேண்டாம். நீர்ப்பாசனம், காடு, மீன்வளம் போன்ற பொதுவளங்களை மக்கள் தாங்களாகவே எப்படிக் காத்து வருகிறார்கள் என்று ஆராய்ந்து, 2009இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசை முதல் பெண்ணாகப் பெற்ற எலினார் ஆஸ்ட்ரம், நீண்ட காலம் நிலைத்த அமைப்புகளில் கண்ட பொதுக்கூறுகளில் ஒன்று, விதிகளுக்கு உட்படுபவர்களுக்கு அந்த விதிகளை மாற்றுவதில் பங்கு இருந்தது என்பது. உங்கள் மாலை வகுப்பின் நேரத்தை யார் தீர்மானிக்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

வீட்டில் சொல்லும் “போதும்” என்பதை எதிர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்களுக்கு முன்பே உங்கள் களைப்பைப் பார்த்தவர்கள் அவர்கள். உளவியலாளர் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பர்கர் 1974இல், மனமும் உடலும் எரிந்து தீர்ந்துபோகும் நிலையைப் பற்றி முதன்முதலில் விரிவாக எழுதியபோது, அவர் கண்முன் இருந்தவர்கள் நியூயார்க்கில் ஓர் இலவச மருத்துவமனையில் சேவை செய்த பணியாளர்களும் தன்னார்வலர்களும்தான். அவரும் அவர்களில் ஒருவராக இருந்து களைத்தவர். அதிக ஈடுபாடு கொண்டவர்கள்தான் முதலில் வீழ்கிறார்கள் என்பது அவர் கண்டது. எனவே, கொஞ்சம் குறைத்துக்கொள்கிறேன் என்று வீட்டாரிடம் பொதுவாகச் சொல்லாதீர்கள். வாரத்தில் இந்த இரண்டு மாலைகள் மட்டும், மற்ற நாட்களில் குழுவின் அழைப்பை எடுக்க மாட்டேன் என்று நாள் குறித்துச் சொல்லுங்கள். முடிவுகளைப் பிறரிடம் உண்மையாகவே கொடுத்துவிட்டீர்கள் என்றால் இதைக் காப்பாற்ற முடியும். கொடுக்கவில்லை என்றால் முதல் வாரத்திலேயே முறிந்துவிடும். அந்த வகையில் வீட்டாருக்குக் கொடுக்கும் சொல்லே உங்களுக்கு ஒரு சோதனைக் கருவி.

அலுவலகத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மேலாளரிடம் உங்கள் சமூகப் பணியின் பெருமையை எடுத்துச் சொல்லி அந்த வரியை மறுக்க முயல வேண்டாம். குழுவில் அட்டவணையை விட்டுக்கொடுக்கப் பழகும் அதே மாதங்களில், அலுவலகத்திலும் நீங்கள் விடாமல் வைத்திருக்கும் ஒரு முடிவை உங்கள் குழுவில் ஒருவரிடம் கொடுங்கள். அங்கே சம்பளம் இருப்பதால் உங்களை விட்டு யாரும் உடனே விலகமாட்டார்கள். ஆகவே நீங்கள் செய்வது சரியா தவறா என்ற பதில் அங்கே தாமதமாகத்தான் கிடைக்கும். தன்னார்வக் குழுவில் அது சில வாரங்களிலேயே தெரிந்துவிடும். இந்த ஒரு காரணத்துக்காகவாவது, குழுவை விட்டு இப்போது விலகாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பொதுக்குழுவுக்கு முன் நீங்கள் செய்ய வேண்டியதாக நான் கருதுவது இன்னும் ஒன்று இருக்கிறது. 1915 ஜனவரியில் தென்னாப்பிரிக்காவிலிருந்து இந்தியா திரும்பிய காந்தி, அங்கே 20 ஆண்டுக்கால அனுபவமும் புகழும் பெற்றிருந்தார். அவரிடம் கோபாலகிருஷ்ண கோகலே ஒரு வாக்குறுதி பெற்றார்: ஓராண்டுக்கு நாட்டைச் சுற்றிப் பார்க்க வேண்டும், பொதுப் பிரச்சினைகளில் கருத்துச் சொல்லக் கூடாது. கேட்டவர் அடுத்த மாதமே காலமானார். கொடுத்தவர் சொல்லைக் காப்பாற்றினார். இத்தனை அனுபவம் உள்ளவர் பேசாமல் கேட்டுக்கொண்டே ஓராண்டைக் கழித்தது எவ்வளவு கடினமாக இருந்திருக்கும் என்பதை, 7 ஆண்டு அனுபவத்தோடு ஒரு கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும்போது நீங்கள் உணர்வீர்கள். உங்களுக்கு ஓராண்டு தேவையில்லை. விலகிச் சென்ற 17 பேரில் உங்களால் அணுக முடிந்தவர்களை ஒவ்வொருவராகச் சந்தியுங்கள். எப்போது வேண்டாம் என்று தோன்றியது, அன்று என்ன நடந்தது என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதில் பாதி உங்களுக்கு நியாயமற்றதாகத் தோன்றும். சில உண்மையிலேயே நியாயமற்றவையாகவும் இருக்கும். எதற்கும் விளக்கம் சொல்லாமல் கேட்டு, எழுதிக்கொண்டு திரும்புங்கள். விளக்கம் சொல்லத் தொடங்கிய நொடியில் அவர்கள் உங்கள் மனம் நோகாதபடி பேசத் தொடங்கிவிடுவார்கள். அத்தோடு நீங்கள் அறிய வேண்டியது நின்றுவிடும்.

அந்த இளம்பெண்ணை முதலில் பாருங்கள். திரும்பி வா என்று அழைக்க வேண்டாம். அழைத்தால், உங்கள் மீதுள்ள மரியாதையால் ஒருவேளை வந்துவிடுவார், அப்படி வருவது அவருக்கும் நல்லதல்ல, உங்களுக்கும் நல்லதல்ல. அவர் சொன்னது உண்மை என்று ஒப்புக்கொள்ளுங்கள். அந்தச் சொல்லால்தான் இந்தக் கடிதத்தையே எழுதினீர்கள் என்பதையும் சொல்லுங்கள். பிறகு, குழுவில் இருந்த நாட்களில் தன் விருப்பப்படி நடத்திப் பார்க்க வேண்டும் என்று அவர் மனத்தில் வைத்திருந்த வகுப்பு ஏதாவது உண்டா என்று கேளுங்கள். அவர் சொல்வதை அவருடைய சொற்களிலேயே குறித்துக்கொள்ளுங்கள். பொதுக்குழுவில், அவருடைய சம்மதத்தோடு, உங்கள் நிபந்தனைகளுக்கு முன்பாக அதை வாசித்துக் காட்டி, இதை எடுத்து நடத்த விருப்பமுள்ளவர் யார் என்று கேளுங்கள். யாராவது கை உயர்த்தும்வரை, எவ்வளவு நேரமானாலும், நீங்கள் உயர்த்தாமல் இருங்கள்.